மண்ணுக்கடியில் ஒரு திருப்பணி

கோயிலைக் கட்டி முடித்ததோடு கடமை தீர்ந்தது என்று சைவ மரபு சொல்வதில்லை. கல்லும் சாந்தும் தேயும் என்பதை ஒப்புக்கொண்டு, 12 ஆண்டுக்கொருமுறை திருப்பணி செய்து கும்பாபிஷேகம் நடத்தும் வழக்கத்தை அது வைத்திருக்கிறது. பழுதான ஆலயத்தைப் புதுப்பிக்கும் ஜீர்ணோத்தாரணத்துக்கு ஆகமங்களில் தனி விதிகளே உண்டு. கிணறு வெட்டுவதையும் குளம் தோண்டுவதையும் பூர்த்த தர்மம் என்று வேள்வியோடு சேர்த்து எண்ணியதும் இதே மரபுதான். ஊருக்குத் தண்ணீர் தருவது தர்மம், தேய்ந்ததைப் புதுப்பிப்பதும் தர்மம் என்றால், தெருவுக்கடியில் துருப்பிடித்த தண்ணீர்க் குழாயையும் வெடித்த கழிவுநீர்க் குழாயையும் மாற்றுவதும் திருப்பணியே.

கொழும்பின் கழிவுநீர்க் குழாய்களில் பல, பிரித்தானியர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பதித்தவை. அவற்றைச் சீர்செய்ய ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடன் 2009இல்தான் கிடைத்தது. நகரம் மேலே வளர்ந்த வேகத்தில், கீழே கிடந்ததை அதிகம் பேர் நினைக்கவில்லை. மலையகத்தில் கொத்மலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களின் குறை இன்னும் அடிப்படையானது. தொழிலாளர் வாழும் பல லயன் வீடுகளில் மாற்றுவதற்குக்கூடப் பொதுக் கழிவுக் குழாய் இல்லை. பீலித் தண்ணீரும் மலக்குழியுமே உண்டு. சரிவில் கசியும் குழி மேட்டில் இருப்பவரோடு நிற்காது. கொத்மலை ஓயா மகாவலியில் கலந்து, கம்பளை வழியே கண்டியை நோக்கிப் போகிறது. மேலே செய்யாமல் விட்ட வேலையின் பலனைக் கீழே முகம் தெரியாதவர் குடிக்கிறார். அதனால் இது ஒரு தோட்டத்தின் சுகாதாரக் கணக்கோடு முடிவதில்லை. அயலாருக்கு நாம் பட்ட கடனும் இதில் இருக்கிறது.

தெய்வம் உறையும் இடத்தையும் மலம் ஓடும் குழாயையும் ஒரே தட்டில் வைக்கலாமா என்று கேட்பார்கள். ஆனால், கும்பத்து நீர் தூய்மையாக இருக்க, கழிவு அதில் கலவாமல் வெளியேற வேண்டும். தூய்மையைப் போற்றிவிட்டு, அதைக் காக்கும் வேலையை இழிவென்று ஒரு சாதியின் தலையில் கட்டிய பழக்கம் ஆசாரத்தின் முரண்பாடு. கோபுரத்தில் உபயகாரர் பெயரைப் பொறிக்கலாம், புதைத்த குழாயில் யார் படிப்பது? பலனில் பற்றில்லாத கருமத்தைக் கீதையில் தேடுபவருக்கு இதைவிடப் பொருத்தமான வேலை கிடைக்காது.

இரண்டாவது மறுப்பு வலுவானது. தண்ணீரும் துப்புரவும் மனித உரிமை என்று ஐ.நா. பொதுச்சபை 2010இல் ஏற்றுக்கொண்டது. உரிமையைப் புண்ணியமாக்கினால் தோட்டக் கம்பனியும் அரசும் தப்பித்துக்கொள்ளும், ஏழையின் உண்டியல்தான் காலியாகும் என்பார்கள். மலையகத்தில் இந்த அச்சத்துக்குக் காரணம் உண்டு. எழுபதுகளில் அரசுடைமையான தோட்டங்களின் நிர்வாகம் 1992இல் தனியார் கம்பனிகளின் கைக்குப் போனது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டமோ தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை செலவிட வழிவிடவில்லை. 2018இல் வந்த திருத்தம்தான் அந்தத் தடையை நீக்கியது. பொறுப்பு கைமாறிக்கொண்டே இருந்ததில் குழாய் யாருடையதும் ஆகாமல் போனது. ஆனால் அறம் உரிமைக்கு எதிரி அல்ல. ஆற்றல் உள்ளவர் செய்யாமல் விடுவதைச் சட்டம் தவறு என்கிறது, அறம் பாவம் என்கிறது. இரண்டாலும் அவர் கட்டுப்பட்டவர். எனவே அடுத்த கும்பாபிஷேகத்துக்குக் கூடும் கோயில் சபை, தோட்டத்துத் தண்ணீர், கழிவு வழிகளின் நிலையையும் ஆராய்ந்து, அவற்றைச் சீர்செய்யும்படி கம்பனியிடமும் பிரதேச சபையிடமும் எழுத்தில் கேட்கட்டும். அப்படிக் கேட்பது பக்திக்குப் புறம்பான அரசியல் அல்ல, திருப்பணியின் முதல் வேலை.