லோவிசாளின் பேரன்

பிள்ளைகள் ஆலயத்தைவிட்டு விலகுவதற்கு, அப்பாக்கள் வீட்டில் ஆவிக்குரிய பொறுப்பை ஏற்காததுதான் காரணம் என்ற பிரசங்கத்தை வருஷத்துக்கு நான்கு முறையாவது கேட்கிறேன். பாதி சரி என்றுதான் தோன்றுகிறது. மறுபாதியில்தான் எனக்கு வழக்கு.

இந்தப் பிரசங்கத்துக்கு வழக்கமான ஆதாரம் எபேசியர் 6:4. பிள்ளைகளைக் கர்த்தருக்கேற்ற போதனையில் வளர்க்கும்படி தகப்பன்மாருக்குப் பவுல் சொல்லும் இடம். ஆனால் அந்த வசனத்தின் முற்பகுதி, பிள்ளைகளுக்குக் கோபமூட்டாதீர்கள் என்ற தடை. ரோமச் சட்டம் பிள்ளைகள்மீது தகப்பனுக்கு ஏறக்குறைய எல்லையற்ற அதிகாரம் கொடுத்திருந்த காலத்தில் எழுதப்பட்டது அது. பவுல் அப்பாக்களுக்கு அதிகாரம் வழங்கவில்லை. இருந்ததற்குக் கடிவாளம் போடுகிறார். நம் பிரசங்கிமார் கடிவாளத்தைக் கழற்றிவிட்டு மிச்சத்தை வாசிக்கிறார்கள்.

தீமோத்தேயுவின் கதை இன்னும் சங்கடமானது. அவன் அப்பா கிரேக்கர் என்பதற்கு மேல் அவரைப் பற்றி அப்போஸ்தலர் நடபடிகள் ஒன்றும் சொல்வதில்லை. அவனுடைய விசுவாசம் பாட்டி லோவிசாளிடமும் தாய் ஐனிக்கேயாளிடமும் முதலில் இருந்தது என்று பெயர் சொல்லி எழுதுகிறார் பவுல். ஆதித் திருச்சபையின் முக்கியமான ஊழியர்களில் ஒருவனை வளர்த்தவர்கள் இரண்டு பெண்கள்.

எங்கள் வீட்டில் குடும்ப ஜெபம் இரவு எட்டு மணிக்கு. பாய் விரிப்பது அம்மா. எங்களுக்கு வசனம் மனப்பாடம் பண்ணவைத்தது அம்மா, குழம்பைக் கிளறிக்கொண்டே. அப்பா வந்து உட்கார்ந்ததும் அது அவருடைய ஜெபமாகிவிடும். நீளமாக ஜெபிப்பார். நடுவில் எங்கள் கணக்கு மார்க்கும் வாய்த்துடுக்கும் ஆண்டவரிடம் ஒப்புவிக்கப்படும். திட்டினால் பதில் சொல்லலாம். ஜெபத்துக்கு எப்படிப் பதில் சொல்வது? ஆமென் என்று மட்டும்தான் சொல்ல முடியும். அம்மாவும் சொன்னாள்.

புருஷன் தலை என்பதை வெறும் ஆவிக்குரிய உவமை என்று சமாதானம் சொல்கிறவர்கள், 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தில் 42ஆம் பிரிவை வாசிக்கலாம். திருமணமாகாத, பிள்ளையில்லாத கிறிஸ்தவர் ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால், அப்பா உயிரோடிருக்கும்வரை சொத்து முழுக்க அவருக்கே. பெற்றவளுக்குப் பங்கில்லை. இதைத் திருத்தச் சொல்லி 2014இல் சட்ட ஆணையம் அறிக்கையே கொடுத்தது. பாயில் தொடங்கும் வரிசை பத்திரம்வரை போகிறது.

இத்தனைக்குப் பிறகும், அப்பாக்கள் ஒதுங்கிக்கொள்ளட்டும் என்று என்னால் சொல்ல முடியவில்லை. நம் பிள்ளைகள் கடவுளைப் பிதா என்று அழைக்கப் பழகுகிறார்கள். அந்தச் சொல்லுக்கு அவர்கள் பொருள் எடுப்பது அகராதியிலிருந்து அல்ல, வீட்டில் இருக்கும் ஆளிடமிருந்து. பெல்ட்டைக் கழற்றும் அப்பாவுக்குப் பிறந்தவள் பரமண்டல ஜெபத்தின் முதல் வார்த்தையிலேயே விறைத்துப்போவதைப் பார்த்திருக்கிறேன். தவிர, அப்பா ஒதுங்கினால் அந்த வேலையும் அம்மா தலையில்தான் விழும். சமையல், வீட்டுப்பாடம், அதோடு பிள்ளையின் ஆத்துமாவும். நான் கேட்பது பங்கு. தலைமை நாற்காலியோடு வரும் பங்கு எனக்கு வேண்டாம்.

என் கணவருக்குச் சத்தமாக ஜெபிக்க வராது. மூன்று வாக்கியத்தில் திக்கி நின்றுவிடுவார். சபையில் சிலருக்கு அது என் குறையாகத் தெரிகிறது, நான் அவரைப் பேசவிடுவதில்லையாம். போன மாதம், திடப்படுத்தல் வகுப்பிலிருந்து வந்த மகள் என்னைத் தாண்டி அவரிடம் போனாள். யெப்தா நேர்ந்துகொண்டதற்கு அவன் மகள் ஏன் சாக வேண்டும்? ஈசாக்குக்குக் கையைத் தடுத்த கடவுள் இவளுக்கு ஏன் தடுக்கவில்லை? வகுப்பில் கேட்டாளாம், வாக்குக் கொடுத்தால் காப்பாற்ற வேண்டும் என்பதுதான் பாடம் என்று முடித்துவிட்டார்களாம்.

“எனக்கும் தெரியலைம்மா. வா, வாசிச்சுப் பாப்போம்” என்றார்.

சாப்பாட்டு மேசையில் நியாயாதிபதிகள் 11ஐ ஆளுக்கு ஒரு வசனமாக வாசித்தார்கள். அந்தப் பெண்ணுக்குப் பெயர் இல்லை என்பதை மகள்தான் கவனித்தாள். மலைகளில் தோழிகளோடு அழ இரண்டு மாதம் கேட்கும் இடத்தில் அவர் குரல் இறங்கிவிட்டது.

“அவ அம்மா எங்கப்பா?” என்றாள்.

யெப்தாவைப் பெற்றவளைப் பற்றி அந்த அதிகாரத்தில் ஒரு வரி உண்டு. மகளைப் பெற்றவளைப் பற்றி ஒன்றுமில்லை. அவர் பக்கத்தைப் புரட்டி மறுபடியும் முதல் வசனத்துக்குப் போனார்.