திறக்காமல் பார்ப்பது

இரவு பதினொன்றரை. பேக்கப் முடிந்துவிட்டது. பல கோப்புகளை ஒரே மூட்டையாகக் கட்டும் டார் கட்டளையை டெர்மினலில் தட்டுகிறேன். பிரித்தெடுக்கும் எக்ஸ் வேண்டாம். பட்டியல் போடும் டி. விவரத்துக்கு ஒரு வி, எந்தக் கோப்பு என்று சொல்ல ஓர் எஃப். மூட்டையை அவிழ்க்காமல், உள்ளே என்னென்ன இருக்கிறது என்று மட்டும் கேட்கிறேன். வரிகள் இறங்குகின்றன.

*

டார் 1979-இல் யூனிக்ஸின் ஏழாம் பதிப்போடு வந்தது. காந்த நாடாவுக்காகச் செய்தது. பெயரிலேயே டேப் இருக்கிறது. ஜிப் கோப்பின் கடைசியில் ஒரு பொருளடக்கம் உண்டு. டாரில் அது எங்குமே கிடையாது. ஒவ்வொரு கோப்புக்கும் முன்னால் 512 பைட்டில் ஒரு தலைப்பு. பெயர், உரிமையாளர், அளவு, தேதி எல்லாம் அதற்குள்தான். அளவைப் படித்தால்தான் அடுத்த தலைப்பு எங்கே என்று தெரியும். ஜிஜிப்பில் சுருக்கியிருந்தால், பெயர்களை மட்டும் பார்ப்பதற்கே முழுவதையும் விரித்தாக வேண்டும். அந்தக் காத்திருப்பு எனக்குப் பிடிக்கும். வெறும் பூஜ்யங்களாக இரண்டு 512 பைட் கட்டங்கள் வந்தால் முடிந்தது என்று அர்த்தம்.

*

பழைய பேக்கப் ஒன்றையும் பார்த்தேன். உரிமையாளர் இடத்தில், எப்போதோ வேலையை விட்டுப் போன ஒருவரின் யூசர்நேம். சர்வரில் அவர் கணக்கு இப்போது இல்லை. இந்தத் தலைப்புகளில் மட்டும் வரிக்கு வரி அவர் இருக்கிறார். கொஞ்ச நேரம் திரையை நகர்த்தவில்லை.

*

ஒருமுறை பத்தொன்பது நாள் ஏமாந்தேன். டேட்டாபேஸ் டம்ப் தினமும் பட்டியலில் இருந்தது. பெயர் சரி, தேதி சரி. அளவு இருக்க வேண்டிய இடத்தில் 0. பாஸ்வேர்டு மாறியதில் டம்ப் எடுக்கும் வேலை நின்றுபோய், வெறும் கோப்பு மட்டும் உருவாகி மூட்டைக்குள் போய்க்கொண்டிருந்தது. நான் பெயரைப் பார்த்து நிம்மதியானவன். அன்றிலிருந்து என் கண் முதலில் போவது அளவுக்குத்தான்.

அளவும் போதாது. டாரின் தலைப்பில் ஒரு செக்சம் உண்டு; அது தலைப்பை மட்டுமே காக்கிறது, உள்ளே இருக்கும் தரவை அல்ல. தரவில் நான்கு பைட் கெட்டுப்போயிருந்தாலும் பட்டியல் அழகாகவே வரும்.

ஆகவே பட்டியலைப் படித்த கையோடு ஒரே ஒரு கோப்பையாவது வெளியே எடுத்து, திறந்து, படித்துப் பாருங்கள். இன்றைக்கு நான் எடுத்தது ஒரு பழைய கடிதம். திறந்தது.