தொழில் விடுதலும் வினை நுகர்தலும்

மக்கட்பிறப்பெய்தினார் உடம்பொடு வாழ்தற்கு ஒரு தொழில் இன்றியமையாதது. உழவு, வாணிகம், நெசவு, கணக்கெழுதல், அலுவலகப் பணி என அஃது எவ்வகைத்தாயினும், விழித்திருக்கும் பொழுதிற் பெரும்பகுதியை அதுவே கொள்கின்றது. வழிபாட்டிற்கு ஒரு நாழிகை, இல்லத்தார்க்குச் சில நாழிகை, தொழிற்கோ பகல் முழுவதும் என்பதே இக்காலத்தார் பலர் நிலை. அத்தொழிலே நாள்தோறும் நெஞ்சைச் சுடுமாயின், அதனைப் பொறுத்திருத்தல் அறமோ, விட்டு நீங்குதல் அறமோ என்னும் வினா எழுதல் இயல்பு. எம்பாற் சித்தாந்தம் கேட்கும் இளைஞர் பலரும் இதனையே மீட்டும் மீட்டும் வினாவுகின்றனர். ஆகலான், அதனை ஈண்டு ஒருசிறிது ஆராய்வாம்.

அவருள் ஒருவர் நிலையை எடுத்துக்காட்டாகக் கொள்வாம். அவர் வணிகவியலிற் பட்டம் பெற்றவர். கடன் கொடுக்கும் நிறுவனம் ஒன்றிலே, தவணை தவறினாரைத் தொலைபேசியில் அழைத்துப் பணம் தண்டும் பிரிவில் ஐந்தாண்டாக இருப்பவர். திங்கள்தோறும் இத்துணைத் தொகை தண்டல் வேண்டும் என்பது மேலதிகாரியார் கட்டளை. அதனை நிறைவேற்றுதற்கு நோயுற்றுக் கிடப்பாரையும் கடுஞ்சொற் கூறி அழைக்கவேண்டியிருக்கின்றது. உறவினர்க்கு அறிவித்து மானங்கெடுப்போம் என்று அச்சுறுத்தவும் வேண்டியிருக்கின்றது. இரவில் உறக்கமில்லை, பூசையில் அமர்ந்தாலோ அன்று ஏசப்பட்டார் குரலே செவியில் ஒலிக்கின்றது. தாயும் மனைவியும் மக்கள் இருவரும் அவர் ஊதியத்தையே நம்பியிருக்கின்றனர், வீட்டுக்கடனும் உண்டு. "இஃது என் பிராரத்தம், நுகர்ந்தே கழித்தல் வேண்டும் என்கின்றனர். இதனை விட்டோடினால் வினையை மறுபிறவிக்கு ஒத்திவைத்தவன் ஆவேனோ?" என்பது அவர் வினா.

இவ்வினாவிற்கு விடை காண்டற்கு முதற்கண் பிராரத்தம் இன்னதெனத் தெளிதல் வேண்டும். உயிர் முற்பிறவிகளில் ஈட்டிய வினைத்தொகுதி சஞ்சிதம் எனப்படும். அதனினின்றும் இப்பிறவிக்கென வகுக்கப்பட்டு, இன்பதுன்பமாய் வந்து பயன் தருவது பிராரத்தம். அதனை நுகர்வினை என்ப. அதனை நுகருங்கால் உயிர் விருப்பு வெறுப்புக்களாற் புதியனவாகச் செய்துகொள்ளும் நல்வினை தீவினைகள் ஆகாமியம். அதனை ஏறுவினை என்ப. இம்மூன்றும் சைவச் சிறார்க்குந் தெரிந்தனவே. தெரிந்ததனை வாழ்க்கையிற் பொருத்துமிடத்துத்தான் கற்றாரும் வழுவுகின்றனர்.

அவ்வன்பர்க்கு நெஞ்சு சுடுதல் நுகர்ச்சி. அவர் ஓர் ஏழையை அழைத்து ஏசுதல் செயல். முன்னது பிராரத்தம் ஆகலாம்; பின்னது ஆகாமியமே. இவ்விரண்டனையும் ஒன்றாகக் கொண்டமையே மயக்கத்திற்கு வித்து. பழைய வினையைக் கழிப்பதாக எண்ணி நாள்தோறும் ஐம்பதின்மரை ஒருவர் ஏசுவாராயின், ஒரு கடனைத் தீர்த்தற்பொருட்டு நாள்தோறும் ஐம்பது கடன் வாங்குவாரையே அவர் ஒப்பர். துன்பத்தைப் பொறுத்தல் தவமாகலாம். பிறர்க்குத் துன்பஞ் செய்தலைப் பொறுத்தல் ஒருகாலும் தவமாகாது.

அற்றேல், பேறும் இழவும் கருவிலேயே அமைந்தன என்பது சிவஞான சித்தியார் முதலிய நூல்களின் துணிபன்றோ? ஊதியம் பெறுதலும் அதனை இழத்தலும் முன்னரே அமைந்தனவாயின், நாம் துணிதற்கு என்ன உளது? எனின், கூறுவாம். அமைந்தன என்பது மெய்யே. ஆயின் எவ்வாறு அமைந்தன என்பதனை யாம் அறியேம்; நீரும் அறியீர். இத்தொழிலில் இருத்தல் அமைந்ததோ, இதனை விட்டு வேறொன்று பெறுதல் அமைந்ததோ, வந்து நுகர்ந்த பின்னரன்றி யாவர்க்கும் விளங்காது. விளங்காத ஒன்று வழிகாட்டுமாறு யாங்ஙனம்? ஆதலால் "விதி இருக்கச் சொல்கிறது" என்பார், விதியின் வாயிலே தம் அச்சத்தை வைத்துப் பேசுகின்றார். "விதி போகச் சொல்கிறது" என்பாரும் தம் வெறுப்பினையே அவ்வாறு பேசுகின்றார். ஊழ் ஆறுதற்கு உரியது, ஆணைக்கு உரியதன்று. ஆணை நூல்விதியின்பாலது; இது செய்க, இது தவிர்க என்பது ஆண்டுளது.

இனி, வேறொருசாரார் துன்பமே இறைவன் மறக்கருணை என்றும், அதனைத் தவிர்க்க முயலுதல் அருளை மறுத்தலாகும் என்றும் கூறுவர். துன்பத்தில் மறக்கருணை உண்டென்பது நம் சித்தாந்தமே. மருத்துவன் அறுத்தலும் சுடுதலும் நோயாளன் நலங்கருதியேயன்றோ? ஆயினும், கசப்பு மருந்து கொடுத்த மருத்துவன் அம்மருந்தினையே வாழ்நாள் முழுதும் உண்க என்று கூறினானல்லன். அன்றியும், நோவு உண்டாதல் நோய் இருக்குமிடத்தைக் காட்டுதற்கும் ஆகும். முள் தைத்த காலின் நோவு, முள்ளை எடுக்க என்றே உணர்த்துகின்றது. அந்நோவைப் பொறுத்து இன்னும் ஆழ மிதிக்க என்று உணர்த்துகின்றிலது. ஆகலான், தொழிலினால் துன்பமுறுவார் முதற்கண் வினாவற்பாலது, "பொறுப்பதோ, விடுவதோ" என்பதன்று. "இத்துன்பம் எங்கிருந்து வருகின்றது" என்பதே.

அது மூன்றிடங்களினின்று வரலாம் என்பது எம் கருத்து.

ஒன்று, செயலின் தீமையினின்று வருவது. இதனை அறிதற்கு ஓர் உரைகல் உண்டு. நாம் அலுவலகத்துச் செய்தவற்றை மாலையில் திருக்கோயிற் சந்நிதியில் நின்று ஒன்றும் மறையாது சொல்லக்கூடுமோ? சொல்ல நாக் கூசுமாயின், அத்துன்பம் நெஞ்சின் நோயன்று, நெஞ்சின் நலம். அதனை ஆற்றிக்கொள்ள முயலுதல் காவல்நாய் குரைத்தல் பொறாது அதன் வாயைக் கட்டுதல் போலும்.

இரண்டு, ஆணவத்தினின்று வருவது. பக்கத்து மேசையில் இருப்பார்க்கு உயர்வு கிடைத்ததென்று கேட்டபொழுது தோன்றிய துன்பமும், தம்மினும் இளையார் ஒருவர் கட்டளையிட்டபொழுது தோன்றிய துன்பமும் இவ்வகையின. இதற்கும் உரைகல் உண்டு. நாளையே ஊதியம் இருமடங்காகி மேலாளர் நாலுபேர் முன் புகழ்வாராயின், இத்துன்பம் நீங்குமோ? நீங்குமாயின் அது தொழிலின் குற்றமன்று. அத்துன்பத்தோடு வேறு அலுவலகம் புகுவார், காய்ச்சலோடு வேறு கட்டிலில் மாறிப் படுப்பாரையே ஒப்பர். திருவொற்றியூர்க் கலியநாயனாரை நினைமின்! செக்கும் செல்வமும் உடையராயிருந்த அவர், பொருளெல்லாம் திருவிளக்குத் தொண்டிற் செலவாயினபின், பிறர் செக்கிலே கூலிக்கு உழைத்தார். அக்கூலியைத் திருவிளக்கிற்கு ஆக்கினமையின் தாழ்வு அவர்க்குத் தாழ்வாய்த் தோன்றிற்றிலது.

மூன்று, பொறுக்கலாகாத பாரத்தினின்று வருவது. செயல் தீதன்று, செருக்கும் காரணமன்று, எனினும் வேலைப்பளுவும் இடைவிடா இரவுப்பணியும் மேலதிகாரியின் கொடுமையும் உடலையும் உள்ளத்தையும் அரிக்கின்றன. உலக சுகாதார நிறுவனம் 2019-ஆம் ஆண்டு ஏற்று, 2022-ஆம் ஆண்டு நடைமுறைக்குக் கொணர்ந்த நோய்ப் பகுப்பு முறையிலே தொழிற்சோர்வினைக் குறித்துள்ளது. அதனை ஒரு நோயென்னாது, தணிக்கப்படாத நெடுநாள் தொழில் நெருக்கடியால் விளையும் நிலையென்றே கூறி, வலி குன்றுதல், தொழிலின்மேல் உவர்ப்புத் தோன்றுதல், செய்திறன் குறைதல் என மூன்று குறிகளையும் காட்டுகின்றது. நம் நூல்களோ, தனு கரண புவன போகங்கள் உயிர் பக்குவமடைதற்பொருட்டு இறைவனால் மாயையினின்றும் தரப்பட்டன என்னும். தரப்பட்ட கருவியைக் கூலிக்காகச் சிதைத்துவிடுதற்கு நமக்கு உரிமை யாது?

மூவகைக்கும் விடை ஒன்றாகாது. இரண்டாவதற்கு மாற்றவேண்டுவது மனம், தொழிலன்று. மூன்றாவதற்கு நீங்குதல் தகும். ஆயின் தம்மை நம்பியிருப்பாரை மறந்து ஒருநாட் சினத்தில் நீங்குதல் தகாது. தன் பாரத்தைத் தாயின் தலையிலும் மக்கள் தலையிலும் இறக்கிவைத்து ஓய்வு கொள்வான், துன்பத்தை நீக்கினானல்லன்; இடம் மாற்றினான். ஆகலின் இல்லத்தார்க்கு உண்மையுரைத்து, கடனை அளந்து, சில திங்கட்குரிய பொருளைச் சேர்த்து, வேறு தொழில் தேடி, இன்ன நாளுக்குள் நீங்குவேன் என்று எல்லை வகுத்துக்கொள்க. எல்லை வகாதார் பொறுமை பெரும்பாலும் மடியே. உயிர்க்கே ஊறு நேருமளவு வந்துற்றதாயின் அவ்வெல்லையும் வேண்டா, அன்றே நீங்குக. ஊதியத்தை நம்பியிருப்பார்க்கு அவ்வுயிரினும் சிறந்த ஊதியம் வேறின்று.

முதலாவதற்கோ, தொழிலை விடுமுன் தீச்செயலை விடுக என்பதே எம் விடை. இவ்விரண்டும் வேறு. மேற்கூறிய அன்பர் இன்றே ஏசுதலை விடலாம். உறவினரை அழைத்து மானங்கெடுத்தலை விடலாம். இந்திய ரிசர்வ் வங்கி 2022-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் விடுத்த சுற்றறிக்கை, கடன் தண்டுவார் காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் அழைத்தலாகாது என்றும், அச்சுறுத்தலும் இழிவுபடுத்தலும் குடும்பத்தார் நண்பர் வாழ்விற் புகுந்து தொல்லை செய்தலும் கூடா என்றும் விதித்தது. ஆகவே அறநூல் விலக்கியதனை அரசுசார் விதியும் விலக்கியதாயிற்று. கடன் வாங்கினாரிடம் இன்சொல்லால் கேட்டல் தீதன்று. வாங்கினதைத் திருப்பிக் கொடுத்தல் அவர்க்கும் அறமேயாம். அவ்வளவில் நின்று பணி செய்ய நிறுவனம் இசையுமாயின், அத்தொழிலில் இருத்தற்குத் தடையின்று. இசையாது விலக்குமாயின், அவ்விழப்பு அவர்க்கு வந்த நுகர்வினை. அதனைப் பொறுத்தலே மெய்யாய பொறுமை. பிறர்க்குத் தீங்கு செய்து பெறும் ஊதியத்தினும், தீங்கு செய்யாமையால் வரும் இழப்பு இலகுவாகச் சுமக்கப்படும். வீட்டுக்கடன் பெரிது என்பதனை யாம் மறவேம். அதனை அடைத்தற்குச் சிறுவீடு புகுதலும், செலவு சுருக்குதலும், குறைந்த கூலிக்கு உழைத்தலும் நேரலாம். இவை துன்பமே. ஆயின் இத்துன்பம் நுகரக் கழிவது. முன்னைத் துன்பம் நுகர வளர்வது.

இவ்விடத்து நம் பெரியோர் வரலாறுகளைத் தம் கருத்திற்கேற்ப வளைப்பாரும் உளர். மணிவாசகப் பெருமான் பாண்டியன் அமைச்சினைத் துறந்திலரோ என்று கேட்டு, மறுநாளே பதவி விலகல் எழுதுவார், அவர் வைகை மணலிற் சுடுவெயிலில் நிறுத்தப்பட்டதனை நினைத்தல் வேண்டும். குருவருள் வலிய ஆட்கொண்ட நிலை அது, சலிப்பின் விளைவன்று. வாதாபி வென்ற படைத்தலைவராகிய சிறுத்தொண்டர் அப்பணியின் நீங்கியதும், அவர்தம் அடிமைத்திறம் அறிந்து அரசனே விடைகொடுத்தமையால் நிகழ்ந்தது. திருநீலகண்டர் மட்கலம் வனைந்தும், நேசர் ஆடை நெய்தும், அதிபத்தர் வலை வீசியும் தத்தம் தொழிலிலேயே நின்று பேறு பெற்றனர். பெரியபுராணம் பாடிய சேக்கிழார் பெருமானும் சோழன் அமைச்சராயிருந்தவரே.

அணிமைக்காலத்து வரலாறும் இதனையே காட்டும். ஆறுமுக நாவலர் யாழ்ப்பாணத்தில் வெசுலியன் மிஷன் பாடசாலை ஆசிரியராய் இருந்துகொண்டே, 1847-ஆம் ஆண்டின் இறுதியில் வண்ணார்பண்ணைச் சிவாலயத்துச் சைவப் பிரசங்கந் தொடங்கினார். 1848-ல் அவ்வுத்தியோகத்தை விடுத்துச் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். விடுமுன்னரே செய்யவேண்டிய பணி அவர் கையில் இருந்தது. மறைமலையடிகள் 1898 முதல் 1911 வரை சென்னைக் கிறித்தவக் கல்லூரியிற் கற்பித்து, தமிழ் கட்டாயப் பாடமாதல் ஒழிந்தபொழுது விலகிப் பல்லாவரம் புகுந்து நூற்பணியில் மூழ்கினார். நல்லசாமிப் பிள்ளையோ நீதித்துறையில் முன்சீபாய் இருந்துகொண்டே 1895-ல் சிவஞானபோதத்தை ஆங்கிலத்தில் வெளியிட்டார். 1897-ல் சித்தாந்த தீபிகையைத் தொடங்கினார். விட்டாரும் தொண்டர், விடாதாரும் தொண்டர். அவர்தம்மை உயர்த்தியது விடுதலுமன்று, விடாமையுமன்று. எதன்பொருட்டு விட்டனர், எதன்பொருட்டு இருந்தனர் என்பதே.

ஆகலான் துணிபு இதுவென்க. துன்பத்தின் அளவு தொழிலை விடுதற்கும் விடாமைக்கும் அளவுகோலாகாது. செயலின் தன்மையே அளவுகோல். தீச்செயலை உடனே விடுக. செருக்கினை இருந்தவிடத்தே விடுக. தாங்கலாகாப் பாரத்தை முறையறிந்து இறக்குக. இறைபணியில் வழுவாது நிற்பார்க்கு மலமும் மாயையும் வினையும் வலிகெடும் என்பது சிவஞானபோதப் பத்தாஞ் சூத்திரத்தின் கருத்து. அப்பணி கோயிலினுள் மட்டும் நிகழ்வதன்று. கணக்கெழுதும் மேசையிலும், கடை வாயிலிலும், வேலை தேடி நடக்கும் தெருவிலும், தான் செய்வது அவன் ஆணைவழிப்பட்டதோ என்று நோக்கி நிற்பார் யாவரும் அப்பணியில் நிற்பாரே. அங்ஙனம் நிற்பார்க்கு இருத்தலும் நீங்கலும் ஒருநெறிப்படும்.

திருச்சிற்றம்பலம்.