ஜெபித்தான், நாள் குறித்தான், கடிதமும் கேட்டான்



வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் வருகிற ஜெபச் சீட்டுகளில் பாதி வேலையைப் பற்றித்தான். "மகனுக்கு வேலை கிடைக்கணும்", "இந்த வேலையை விட்டுட்டு வேற வேலைக்குப் போகலாமா, கர்த்தர் பேசணும்", "வெளிநாடு போக கதவு திறக்கணும்." இந்த மாதம் அதைக் குறித்து கொஞ்சம் திறந்த மனதோடு எழுதுகிறேன்.

வேதத்தில் வேலை மாறின ஒரு மனுஷனைப் பாருங்கள். நெகேமியா சூசான் அரமனையில் ராஜாவுக்குப் பானபாத்திரக்காரன். நல்ல உத்தியோகம். எருசலேமின் அலங்கம் இடிந்து கிடக்கிறது என்று கேள்விப்பட்ட நாளில் உட்கார்ந்து அழுதான், உபவாசித்தான். அல்லேலூயா! நாம் அந்த இடத்தோடு நிறுத்திவிடுகிறோம். மேலே வாசியுங்கள். கிஸ்லே மாதத்தில் அழுதவன் நிசான் மாதத்தில்தான் ராஜாவிடம் வாயைத் திறக்கிறான். நடுவே ஏறக்குறைய நாலு மாசம். அந்த நாலு மாசமும் வேலையை விடவில்லை. வாய் திறந்த அன்றைக்கும் கையில் ராஜாவுக்குக் கொடுக்க வேண்டிய திராட்சரசம் இருந்தது!

"எப்போது திரும்பி வருவாய்" என்று ராஜா கேட்டபோது, "கர்த்தருக்குச் சித்தமானால் பார்க்கலாம் ராஜாவே" என்று இழுக்கவில்லை. நாள் குறித்துச் சொன்னான். அதோடு விட்டானா? வழியில் உள்ள அதிபதிகளுக்குக் கடிதம் கேட்டான். மரம் கொடுக்க வனக்காவலன் ஆசாபுக்கும் தனியாக ஒரு கடிதம் கேட்டான். ஜெபிக்கிற மனுஷன்தான், ஆனாலும் எழுத்தில் வாங்கினான். எருசலேம் போய்ச் சேர்ந்த பிறகும் யாரிடமும் சொல்லாமல், ராத்திரியில் எழுந்து மதிலைத் தன் கண்ணால் சுற்றிப் பார்த்தான்.

தேவபிள்ளைகளே, இதை எழுதும்போது என் இருதயம் என்னைக் குத்துகிறது. 2018-ல் நம் சபையின் ஒரு சகோதரன், வெல்டிங் வேலை செய்கிறவன், பாஸ்போர்ட்டையும் ஒரு கவரையும் கொண்டுவந்தான். "பாஸ்டர் ஐயா, மலேசியாவுல வேலை, ஜெபிச்சுக் கொடுங்க" என்றான். கவரில் ரூ.1,40,000. மனைவியின் ஒன்பது பவுன் நகையை அடகு வைத்த பணம். நான் அதின்மேல் கைவைத்து ஜெபித்தேன். ஏஜெண்டு யார், என்ன விசா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவன் போனது விசிட் விசாவில். வெல்டிங் இல்லை, ஓட்டலில் பாத்திரம் கழுவுகிற வேலை. பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொண்டார். 2019 ஆகஸ்டிலிருந்து டிசம்பர் வரை மலேசிய அரசாங்கம் பொதுமன்னிப்பு கொடுத்தபோது, 700 ரிங்கிட் அபராதம் கட்டி வெறுங்கையோடு வந்து இறங்கினான். நகை ஏலத்துக்குப் போய்விட்டது. அந்தச் சகோதரி இன்றுவரை என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதுதான் எனக்குப் பாரமாயிருக்கிறது.

பிறகுதான் விசாரித்தேன். 1983-ஆம் வருஷத்துக் குடிபெயர்வுச் சட்டத்தின்படி வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிறவருக்கு மத்திய அரசாங்கத்தின் லைசென்ஸ் இருக்கவேண்டும். அந்த நம்பர் உண்மையா என்று இமைக்ரேட் இணையதளத்தில் பார்க்கலாம். சென்னையிலுள்ள குடிபெயர்வோர் பாதுகாப்பு அலுவலகத்திலும் கேட்கலாம். ஏஜெண்டு வாங்கக்கூடிய கூலி ரூ.30,000-மும் அதற்கு ஜிஎஸ்டி-யும்தான், அதுவும் ரசீதோடு. ரசீது தராதவனிடம் பத்து ரூபாயும் கொடுக்காதீர்கள், அவன் எவ்வளவு ஸ்தோத்திரம் சொன்னாலும் சரி! விசிட் விசாவில் போனால் வேலை செய்ய உரிமை இல்லை. "போய் மாத்திக்கலாம்" என்பது அவர்கள் எல்லாரும் பாடுகிற பாட்டு. பத்தாவது தேறாதவர்கள் வளைகுடா நாடுகளுக்கும் மலேசியாவுக்கும் வேலைக்குப் போகுமுன் குடிபெயர்வு அனுமதி வாங்கவேண்டும். அப்படிப் போகிறவர்களுக்கு 10 லட்ச ரூபாய் இன்சூரன்ஸும் உண்டு. சம்பளம், வேலை நேரம், தங்குமிடம் எழுதின ஒப்பந்தம் கையில் வருகிறவரை அடகுக்கடைப் பக்கம் போகவேண்டாம்.

உள்ளூரில் வேலை மாறுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. மேலாளர் திட்டினார் என்று சாயங்காலமே ராஜினாமா எழுதுகிற பிள்ளைகள் நம்மிடத்தில் உண்டு. புதிய இடத்தின் நியமனக் கடிதம் வராமல் பழைய இடத்தை விடாதீர்கள். விடும்போது நோட்டீஸ் நாட்களை முடித்து, அனுபவச் சான்றிதழை வாங்குங்கள். பிஎஃப் பணத்தை அவசரத்தில் எடுக்காமல் புதிய கம்பெனிக்கு மாற்றுங்கள். பத்து வருஷம் சேர்ந்தால்தான் மாதாமாதம் பென்ஷன். வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை மூன்று வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க மறந்து, சீனியாரிட்டியை இழந்துவிட்டு, "சாத்தானின் தடை ஐயா" என்று வருகிறவர்களும் இருக்கிறார்கள். அது சாத்தான் அல்ல, காலண்டர்!

"வேலையை விடு, கர்த்தர் உனக்குப் பெரியதை வைத்திருக்கிறார்" என்று யாராவது தீர்க்கதரிசனம் சொன்னால், என்னிடத்திலும் வீட்டாரிடத்திலும் சொல்லுங்கள். நிதானித்துப் பார்ப்போம். கர்த்தர் பேசினது என்றால் நாலு மாசம் காத்திருந்தாலும் மாறாது.

வெல்டிங் சகோதரன் இப்போது உள்ளூரில் ஒரு பட்டறையில் வேலை செய்கிறான். இனி உபவாச ஜெபத்துக்கு வேலைக்காகவும் பிரயாணத்துக்காகவும் வருகிறவர்கள் காகிதங்களைக் கையோடு கொண்டுவாருங்கள். காலை பத்து மணிக்கு அவனும் நானும் மேஜையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாய்ப் பார்ப்போம். பார்த்துவிட்டுத்தான் கைவைப்பேன்.