காவலற்ற கதவும் அமானிதமும்

கொடும்பாளூர் மூவர் கோயிலில் ஒரு கல்வெட்டு உண்டு. இருக்குவேளிர் குடியின் வழிமுறையையும், பூதி விக்கிரமகேசரி தம் பெயராலும் தம் இரு தேவியர் பெயராலும் மூன்று கோயில்கள் எடுப்பித்ததையும் அது கூறும். அனைவரும் அறியட்டும் என்றே அதைக் கல்லில் பொறித்தனர். ஆனால் நம் வீட்டாரின் பிறந்த நாளும், அடையாள அட்டை எண்ணும், நோய்க் குறிப்பும் கல்லில் பொறிக்கத்தக்கவையா? அவை நம்பி ஒப்படைக்கப்படும் அமானிதங்கள்.

இன்று அவை கணினிகளில் உறைகின்றன. கைப்பேசிச் செயலி கேட்க, தொலைவிலுள்ள கணினி எடுத்துக் கொடுக்கிறது. அவ்வாறு கேட்டுப் பெறும் வாயிலை ‘ஏபிஐ’ என்பர். செயலியின் முகப்பில் கடவுச்சொல் கேட்டால் போதும் எனச் சிலர் எண்ணுகின்றனர். முகப்பைத் தொடாமலே அவ்வாயிலை நேரே தட்ட இயலும் என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். தலைவாசலைப் பூட்டிக் கொல்லைக் கதவைத் திறந்து வைப்பது காவலாகுமா? ஒவ்வொரு முறையும் ‘நீர் யார்?’ என அவ்வாயில் வினவ வேண்டும். ‘கேட்பது உமக்கு உரியதா?’ எனவும் வினவ வேண்டும். இரண்டாம் வினா இல்லையேல், உள்நுழைந்த ஒருவர் எண்ணை மாற்றிக் கேட்டு அண்டை வீட்டார் குறிப்பையும் பெற்றுவிடுவார்.

2023 ஜூனில், கைப்பேசி எண்ணைக் கொடுத்தால் தடுப்பூசி போட்டுக்கொண்டவரின் விவரங்களை டெலிகிராமில் ஒரு தானியங்கிக் கணக்கு தருவதாகச் செய்தி பரவியது. கோவின் தளம் பாதுகாப்பாகவே உள்ளது என அரசு மறுத்தது. எனினும், கைப்பேசி எண்ணை மட்டும் கொண்டு விவரம் தரும் ஏபிஐ ஒன்று இருப்பதாகக் கூறப்படுவதையும், அது நம்பகமான இடத்திலிருந்து வரும் கோரிக்கையை மட்டுமே ஏற்கும் என்பதையும் அவ்வறிக்கையே குறிப்பிட்டது.

பிறர் இல்லத்தில் அனுமதி பெற்றே நுழையுமாறு திருமறையின் 24ஆம் அத்தியாயம் பணிக்கிறது. உள்ளே எவரும் இல்லாவிடினும் அவ்வாறே. எனவே, காவலில்லை என்பது நுழைந்தவருக்குச் சாக்காகாது. காப்பவரின் நிலை என்ன? தம் தவறின்றி அமானிதம் அழிந்தால் அவர் ஈடு செய்ய வேண்டியதில்லை; அலட்சியத்தால் அழிந்தால் அவரே பொறுப்பாளி என்பது ஃபிக்ஹு நெறி. 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், உரிய காப்பு செய்யத் தவறியவருக்கு 250 கோடி ரூபாய் வரை தண்டம் வகுத்துள்ளது.

நம் பிள்ளைகள் பலர் இன்று கணினித் தொழிலில் உள்ளனர். ‘வேலை முடியட்டும், பூட்டைப் பிறகு பார்க்கலாம்’ என மேலாளர் சொல்லும் நாள் அவர்களுக்கு வரும். திருடன் இன்னும் வரவில்லை என்பது அன்று விடையாகாது. பூட்டினோமா என்பதே நம்மிடம் கேட்கப்படும் கேள்வி.