மைதானத்திலும் நாம் முஸ்லிம்களே: மென்பந்துப் போட்டிகளும் நமது நடத்தையும்

அல்ஹம்துலில்லாஹி ரப்பில் ஆலமீன். வஸ்ஸலாத்து வஸ்ஸலாமு அலா ரஸூலில்லாஹ், வஅலா ஆலிஹி வஸஹ்பிஹி அஜ்மஈன். அம்மா பஃது.

கண்ணியத்துக்குரிய பெரியோர்களே! அன்புக்குரிய வாலிபச் சகோதரர்களே! அல்லாஹ்வைப் பயந்து நடக்குமாறு முதலில் எனக்கும் பின்னர் உங்களுக்கும் உபதேசம் செய்து கொள்கிறேன். பள்ளிவாசலுக்குள் இருக்கும்போது மட்டுமல்ல, வீட்டில், கடையில், வீதியில், விளையாட்டு மைதானத்தில் இருக்கும்போதும் நம்மைப் பார்த்துக் கொண்டிருப்பவன் அல்லாஹ் என்ற உணர்வுக்கே தக்வா என்று பெயர்.

நமது ஊர்களில் மென்பந்து கிரிக்கெட் சுற்றுப்போட்டிகள் நடக்கும் காலம் இது. அஸர் தொழுதுவிட்டு வாலிபர்கள் மைதானத்துக்குப் போகிறார்கள். கழகங்கள் வர்ணச் சட்டைகளோடு களமிறங்குகின்றன. ஊரே சுற்றி நின்று பார்க்கிறது. இதைக் கண்டிக்க இந்தக் குத்பாவை நான் எடுத்துக் கொள்ளவில்லை. போதைப்பொருள் நம் பிள்ளைகளை வீட்டு வாசலில் வந்து தேடும் காலத்தில், ஒரு வாலிபன் மாலை நேரத்தில் பந்துக்குப் பின்னால் ஓடுவது நல்ல விடயம். ஆனால் அந்த மைதானத்தில் அவன் பேசும் வார்த்தையும் நடக்கும் விதமும் எப்படி இருக்கின்றன என்பதே இன்றைய கேள்வி.

விளையாட்டு நமது மார்க்கத்துக்கு அந்நியமானதல்ல

பெருநாள் தினத்தில் அபீஸீனியர்கள் நபி (ஸல்) அவர்களின் பள்ளிவாசலில் ஈட்டிகளைக் கொண்டு விளையாடினார்கள். நபியவர்கள் அதைத் தடுக்கவில்லை. அன்னை ஆயிஷா (ரழி) அவர்கள் அலுக்கும் வரை நின்று பார்ப்பதற்கும் இடம் கொடுத்தார்கள்.

ஒரு பயணத்தில் தோழர்களை முன்னே போகச் சொல்லிவிட்டு, ஆயிஷா (ரழி) அவர்களோடு நபியவர்கள் ஓட்டப் போட்டி ஓடினார்கள். அதில் ஆயிஷா நாயகி வென்றார்கள். காலம் சென்று, அவர்களின் உடல் சற்றுக் கனத்த பிறகு மீண்டும் ஓடினார்கள். இம்முறை வென்றது நபியவர்கள். அன்றைக்கு நீ வென்றதற்கு இது ஈடாகிவிட்டது என்று சிரித்தார்கள். அபூதாவூதில் பதிவான செய்தி இது. முதல் தோல்விக்கும் கோபமில்லை, இரண்டாவது வெற்றிக்கும் பெருமையில்லை. இரண்டிலும் அன்பு கூடியதே தவிரக் குறையவில்லை.

குதிரைப் பந்தயத்தையும் நபியவர்களே நடத்தினார்கள். இப்னு உமர் (ரழி) அவர்கள் அதில் ஓட்டியவர்களில் ஒருவர். பயிற்சி கொடுத்து மெலியவைத்த குதிரைகளுக்கு ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதா வரை நீண்ட தூரம். பயிற்சியளிக்கப்படாத குதிரைகளுக்கு ஸனிய்யத்துல் வதாவிலிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை குறைந்த தூரம். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இது இருக்கிறது. சமமானவர்களைச் சமமானவர்களோடு ஓடவிட்டார்கள்.

நம்மில் என்ன நடக்கிறது? ஊர்க் கழகங்களுக்கு மட்டுமான போட்டி என்று அறிவித்த பிறகு, வெளியூரிலிருந்து ஆள் பிடித்து வந்து, உள்ளூர்ப் பிள்ளையின் பெயரில் விளையாட வைக்கிறோம். பெயர்ப் பட்டியலில் எழுதும் அந்தப் பெயர் பொய். அந்தப் பொய்யின் மீது வென்ற கிண்ணத்தைத்தான் கழக அறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பார்க்கிறோம்.

தோல்வி அல்லாஹ் வைத்த நியதி

நபியவர்களிடம் அள்பா என்றொரு பெண் ஒட்டகம் இருந்தது. ஓட்டத்தில் அதை எதுவும் முந்தியதில்லை. ஒருநாள் கிராமப்புற அரபி ஒருவர் தனது இளம் ஒட்டகத்தில் வந்து அதை முந்திவிட்டார். ஸஹாபாக்களுக்கு அது மிகவும் கஷ்டமாகப் போய்விட்டது. அவர்களது முகங்களில் அந்த வருத்தத்தைக் கண்ட நபியவர்கள், இவ்வுலகில் உயர்ந்து நிற்கும் எதையும் தாழ்த்துவது அல்லாஹ் தன்மீது ஆக்கிக் கொண்ட நியதி என்ற கருத்தில் கூறினார்கள். அனஸ் (ரழி) அவர்கள் அறிவிக்கும் இந்தச் செய்தி புகாரியில் உண்டு.

சகோதரர்களே, தோற்றது யாருடைய ஒட்டகம்? படைப்புகளில் சிறந்தவரின் ஒட்டகம். அந்தக் கிராமவாசியிடம் யாரும் குறை தேடவில்லை, ஓட்டத்தைத் திரும்ப வைக்கும்படியும் கேட்கவில்லை. மூன்று வருடம் தொடர்ந்து சம்பியனான கழகம் நான்காவது வருடம் தோற்றால் அதில் மானக்கேடு எதுவுமில்லை. தோல்வியை மறைப்பதற்காகச் சொல்லும் பொய்யிலும் தூக்கும் விக்கெட் கம்பிலும்தான் மானக்கேடு இருக்கிறது.

ஒரே பந்து, இரண்டு நாக்கு

மென்பந்து விளையாடியவர்களுக்கு ஒரு விடயம் தெரியும். அந்தப் பந்து மட்டையின் விளிம்பில் உரசினால் பெரிதாகச் சத்தம் வராது. நடுவருக்குக் கேட்காது. பார்வையாளருக்கும் தெரியாது. மட்டையைப் பிடித்திருக்கும் கைக்குத் தெரியும். அதேபோல, எல்லைக் கோட்டில் பந்தைத் தடுத்தவனின் கால் சுண்ணாம்புக் கோட்டை மிதித்ததா இல்லையா என்பது அவனுக்குத்தான் தெரியும். நமது மைதானங்களில் கமரா இல்லை. ஆகவே அந்த நேரத்தில் அங்கிருக்கும் சாட்சி அவன் ஒருவன்தான். அவனது ஈமானைக் கேட்கும் நேரம் அது.

ஸூரத்துல் முதஃப்பிஃபீனின் ஆரம்பத்தில் அல்லாஹ் ஒரு கூட்டத்தாருக்குக் கேடு உண்டாகட்டும் என்கிறான். தாங்கள் வாங்கும்போது நிறைவாக அளந்து வாங்குவார்கள், பிறருக்குக் கொடுக்கும்போது குறைத்துக் கொடுப்பார்கள். இதைத் தராசு பிடிக்கும் வியாபாரிக்கு மட்டும் உரியதாக நாம் நினைத்திருக்கிறோம். நான் பந்து வீசும்போது, பந்து மட்டையில் படாவிட்டாலும் கையை உயர்த்தி ஆட்டமிழப்புக் கேட்கிறேன். நான் துடுப்பெடுத்தாடும்போது, நன்றாகப் பட்டிருந்தும் படவில்லை என்று சத்தியம் செய்கிறேன். வாங்குவதற்கு ஒரு படி, கொடுப்பதற்கு வேறொரு படி! இதுவும் அந்த அளவை மோசடியின் சாயல்தான். அதிலும் ‘வல்லாஹி’ என்று சொல்லி ஒரு ஓட்டத்துக்காக அல்லாஹ்வின் பெயரை இழுப்பது எவ்வளவு பெரிய துணிச்சல்!

ஸூரா அந்நிஸாவின் 135ஆவது வசனத்தில், சாட்சி உங்களுக்கே எதிராக இருந்தாலும், பெற்றோருக்கும் உறவினருக்கும் எதிராக இருந்தாலும் நீதியில் நிலைத்து நில்லுங்கள் என்று அல்லாஹ் ஏவுகிறான். பெற்றோருக்காகவே நீதியை விட முடியாதென்றால், கழகத்துக்காக விட முடியுமா?

2003 உலகக் கிண்ண அரையிறுதி பலருக்கு ஞாபகமிருக்கும். இலங்கைக்கு எதிராக அவுஸ்திரேலியா. அரவிந்த டி சில்வாவின் பந்து அடம் கில்கிறிஸ்டின் மட்டையில் பட்டு விக்கெட் காப்பாளரிடம் போனது. நடுவர் ஆட்டமிழப்புக் கொடுக்கவில்லை. கில்கிறிஸ்ட் தானாகவே வெளியேறினார்.

அந்த அணி எப்படியும் வென்றுவிட்டதே, நேர்மையாக இருந்தால் நாங்கள் தோற்றுவிடுவோமே என்று யாராவது கேட்கலாம். ஆம், சில வேளைகளில் தோற்கத்தான் நேரும். 1987 உலகக் கிண்ணத்தில் லாகூரில் பாகிஸ்தானுக்கும் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் போட்டி. கடைசி விக்கெட், கடைசிப் பந்து. பந்துவீச வந்த கோர்ட்னி வோல்ஷ், மறுமுனையில் சலீம் ஜஃபர் முன்கூட்டியே கோட்டை விட்டு வெளியேறியிருப்பதைக் கண்டார். விக்கெட்டை வீழ்த்த விதி இடம் கொடுத்தது. வோல்ஷ் வீழ்த்தவில்லை, எச்சரித்துவிட்டுத் திரும்பிப் போனார். அடுத்து வீசிய பந்தில் பாகிஸ்தான் வென்றது. மேற்கிந்தியத் தீவுகள் அந்தத் தொடரில் அரையிறுதிக்கும் போகவில்லை. ஆனால் இத்தனை வருடங்களுக்குப் பிறகும் மக்கள் வோல்ஷைக் கண்ணியமாக நினைக்கிறார்கள்.

இவர்கள் மறுமையை முன்வைத்து இதைச் செய்தவர்கள் என்று நாம் சொல்ல முடியாது. வலது தோளிலும் இடது தோளிலும் எழுதும் மலக்குகள் இருக்கிறார்கள் என்று நம்பும் நாம் அவர்களுக்குப் பின்னால் நிற்கலாமா?

நடுவரும் நமது கோபமும்

நமது போட்டிகளில் நடுவராக நிற்பவர் யார்? சம்பளம் வாங்கும் ஆளல்ல. வேறு கழகத்தின் ஒரு பிள்ளை, அல்லது பழைய விளையாட்டு வீரர் ஒருவர். வெயிலில் நின்று நமக்காக உபகாரம் செய்கிறார். அவர் ஒரு ரன் அவுட்டைத் தவறாகக் கொடுத்துவிட்டால் அவரது உம்மாவையும் வாப்பாவையும் இழுத்துத் திட்டுவது எந்த மார்க்கத்தில் உள்ளது?

மல்யுத்தத்தில் வீழ்த்துபவன் வீரனல்ல, கோபம் வரும்போது தன்னை அடக்குபவனே வீரன் என்ற கருத்திலான ஹதீஸை நாம் சிறு வயதிலேயே மத்ரஸாவில் ஓதியிருக்கிறோம். நபியவர்கள் இந்தப் பாடத்துக்கு உதாரணமாக எடுத்ததும் ஒரு விளையாட்டு வீரனைத்தான். ஆறு ஓவரில் எண்பது ஓட்டம் அடித்தவன் நல்ல துடுப்பாட்ட வீரன். நடுவரின் பிழையான தீர்ப்புக்கும் தலைகுனிந்து வெளியேறுபவன் நபியவர்கள் சொன்ன வீரன். மேலும், சண்டையிட்டால் வரம்பு மீறுவதை முனாஃபிக்கின் நான்கு குணங்களில் ஒன்றாக அவர்கள் எண்ணியதையும் மறந்துவிட வேண்டாம்.

கழகப் பற்றும் ஜாஹிலிய்யாவும்

ஜாபிர் (ரழி) அறிவிக்கிறார்கள். ஒரு பயணத்தில், முஹாஜிர்களில் விளையாட்டுக் குணமுள்ள ஒருவர் அன்ஸாரி ஒருவரின் பின்புறத்தில் தட்டிவிட்டார். அன்ஸாரிக்குக் கடும் கோபம். அவர் அன்ஸாரிகளைக் கூப்பிட்டார், இவர் முஹாஜிர்களைக் கூப்பிட்டார். இரண்டு பக்கமும் திரண்டது. நபியவர்கள் வெளியே வந்து, இது என்ன ஜாஹிலிய்யாவின் கூப்பாடு, விட்டுவிடுங்கள், அது துர்நாற்றம் வீசுவது என்று கண்டித்தார்கள். கவனியுங்கள்: முஹாஜிர், அன்ஸாரி என்பவை குர்ஆன் புகழ்ந்த பெயர்கள். சண்டைக்கு ஆள் திரட்டப் பயன்பட்டபோது அந்தப் பெயர்களே நாறின. அப்படியிருக்க, நமது கழகங்களின் பெயர்கள் எம்மாத்திரம்!

பெரியவர்களுக்கும் ஒரு பாடம் இருக்கிறது. அஸ்லம் கோத்திரத்தார் அம்பெய்து போட்டியிட்ட இடத்தை நபியவர்கள் கடந்து சென்றார்கள். எறியுங்கள் என்று உற்சாகமூட்டி, நான் இன்ன கூட்டத்தாரோடு இருக்கிறேன் என்றார்கள். மறு தரப்பு கையை நிறுத்திக் கொண்டது. ஏன் என்று கேட்டபோது, நீங்கள் அவர்களோடு இருக்கும்போது நாங்கள் எப்படி எறிவது என்றார்கள். உடனே நபியவர்கள், எறியுங்கள், நான் உங்கள் எல்லோரோடும் இருக்கிறேன் என்று கூறினார்கள். ஊரின் பெரியவர்கள், பள்ளிவாசல் நிர்வாகிகள், அனுசரணை வழங்கும் வர்த்தகர்கள் எல்லோரும் இதைக் கவனிக்க வேண்டும். நாம் ஒரு பக்கம் சாய்ந்தால் மறுபக்கத்துப் பிள்ளைகளின் மனம் உடைகிறது. சண்டை மூண்டால் நமது பேச்சுக்கும் மதிப்பில்லாமல் போகிறது.

பரிசுப் பணம்

இதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எல்லா அணிகளிடமும் நுழைவுக் கட்டணம் வாங்கி, அந்தப் பணத்தையே வென்ற அணிக்குப் பரிசாகக் கொடுப்பது சூதாட்டத்தின் வடிவம். தோற்றவன் போட்ட பணம் வென்றவனுக்குப் போகிறது. சூதின் மூலம் உங்களுக்கிடையே பகைமையையும் வெறுப்பையும் உண்டாக்கி, தொழுகையை விட்டும் உங்களைத் தடுக்கவே ஷைத்தான் விரும்புகிறான் என்று ஸூரா அல்மாயிதாவின் 91ஆவது வசனம் எச்சரிக்கிறது. கட்டணத்தைப் பந்து, தண்ணீர், மைதானச் செலவுகளுக்கு மட்டும் வையுங்கள். பரிசு போட்டியில் சேராத வெளியாட்களிடமிருந்து வரட்டும். போட்டியை அறிவிக்க முன்னர் விபரத்தை உலமாக்களிடம் காட்டி ஆலோசனை பெறுங்கள். மஃரிபுக்கு அதான் சொல்லும்போது கடைசி ஓவர் என்று இழுக்காத விதமாக நேரத்தையும் அமைத்துக் கொள்ளுங்கள்.

ஸ்டம்பைப் பிடுங்கிய பிறகு

சகோதரர்களே, ஸ்டம்பைப் பிடுங்கியதும் விளையாட்டு முடிந்துவிட வேண்டும். ஆனால் நம்மில் அதற்குப் பிறகுதான் பலது ஆரம்பிக்கிறது. தோற்ற அணியைக் கேலி செய்து முகநூலில் படம் போடுகிறோம். பட்டப்பெயர் வைத்து வட்சப் குழுக்களில் பரப்புகிறோம். ஒரு கூட்டம் இன்னொரு கூட்டத்தைப் பரிகசிக்க வேண்டாம், அவர்கள் இவர்களை விடச் சிறந்தவர்களாக இருக்கக்கூடும் என்று ஸூரா அல்ஹுஜுராத்தின் 11ஆவது வசனம் தடுப்பது இதைத்தான்.

ஒரு ரன் அவுட்டுக்காகப் பேச்சை நிறுத்திய காக்கா தம்பிகள் நமது ஊர்களில் இல்லையா? ஒரே ஸஃப்பில் தோளோடு தோள் சேர்த்துத் தொழுதுவிட்டு, ஸலாம் கொடுத்ததும் முகத்தைத் திருப்பிக் கொண்டு போகும் மச்சான்மார் இல்லையா? ஒரு முஸ்லிம் தன் சகோதரனை மூன்று நாட்களுக்கு மேல் வெறுத்து ஒதுங்கியிருப்பது ஆகுமானதல்ல என்றும், இருவரில் சிறந்தவர் ஸலாத்தை முதலில் ஆரம்பிப்பவரே என்றும் நபியவர்கள் கற்றுத் தந்தார்கள். திங்கட்கிழமையும் வியாழக்கிழமையும் சுவர்க்கத்தின் வாசல்கள் திறக்கப்பட்டு, இணை வைக்காத அடியார்களுக்கு மன்னிப்பு வழங்கப்படுகிறது. பகைத்துக் கொண்ட இருவருக்கு மட்டும் அது தள்ளி வைக்கப்படுகிறது, இவர்கள் சமாதானமாகும் வரை விட்டு வையுங்கள் என்று சொல்லப்படுகிறது. முஸ்லிமில் பதிவான செய்தி இது. போன வருட இறுதிப்போட்டிக்குப் பிறகு எத்தனை திங்கள், எத்தனை வியாழன் கடந்திருக்கின்றன? நேற்றும் ஒரு வியாழன் போனது. ஒரு மென்பந்துக்காக அந்த மன்னிப்பை இழக்கத் தயாரா?

வறியவனாக மறுமையில் வருபவனைப் பற்றியும் நபியவர்கள் சொன்னார்கள். தொழுகை, நோன்பு, ஸகாத்தோடு வருவான். ஆனால் ஒருவனை ஏசியிருப்பான், ஒருவனை அடித்திருப்பான். அவனது நன்மைகள் அவர்களுக்குப் பங்கிடப்படும். நன்மை முடிந்துவிட்டால் அவர்களின் பாவங்கள் இவன்மீது போடப்படும். அங்கே மறு இன்னிங்ஸ் கிடையாது.

ஆகவே கழகத் தலைவர்களிடமும் அணித்தலைவர்களிடமும் மூன்று விடயங்களை வேண்டிக் கொள்கிறேன். பெயர்ப் பட்டியலில் உண்மையை எழுதுங்கள். நடுவரோடு அணித்தலைவர் ஒருவர் மட்டும், அதுவும் மரியாதையாகப் பேசட்டும். போட்டி முடிந்ததும் இரு அணிகளும் வரிசையாக நின்று ஸலாம் சொல்லி முஸாபஹா செய்துவிட்டே கலைந்து செல்லுங்கள். பழைய மனக்கசப்பு உள்ளவர்கள் அடுத்த திங்கட்கிழமைக்குக் காத்திருக்க வேண்டாம். இன்று ஜும்ஆ முடிந்ததும் இந்தப் பள்ளிவாசல் வாசலிலேயே ஸலாத்தை ஆரம்பித்துவிடுங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் வாலிபர்களின் உடலையும் ஈமானையும் பலப்படுத்துவாயாக! வெற்றியில் பணிவையும் தோல்வியில் பொறுமையையும் தருவாயாக! எங்களுக்கே எதிராக இருந்தாலும் உண்மை பேசும் நாவைத் தருவாயாக! எங்கள் உள்ளங்களை ஒன்றுசேர்ப்பாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.