நாலு ஞாயிறு

அப்பாவின் கொப்பிகள் 31. யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊர்க் கோவிலில் அவர் கந்தபுராணத்துக்குப் பயன் சொல்கிறவர். ஒருவர் பாட்டை இராகத்தோடு படிப்பார், அப்பா அதன் பொருளை விரித்துச் சொல்வார். அதற்காக 26 வருஷம் எழுதிய குறிப்புகள் அவை. "ஒழுங்காக்கிப் புத்தகமாய்ப் போடு பிள்ளை" என்று என்னிடம் தந்துவிட்டுப் போய்விட்டார்.

2017 மே மாதம், நாங்கள் இருக்கும் மொன்றியலில் ஆறு பெருகியது. நகரம் அவசரகால நிலையை அறிவித்து, பியர்பொன்ட்ஸ் பகுதியில் இராணுவத்தினர் மணல் மூட்டை அடுக்கிய நாட்கள். நிலவறையில் இருந்த பெட்டிகளை இரவோடிரவாக மேலே தூக்கினோம். கொப்பிகள் தப்பின, வரிசை குலைந்தது. இரண்டு நனைந்து ஊதிப்போயின. பிறகு ஆறு வருஷம் அவை சாப்பாட்டு மேசையின் ஒரு மூலையில் கிடந்தன. நான் சும்மா இருக்கவில்லை. முன்னுரையை மட்டும் பதினொரு தரம் எழுதிக் கிழித்தேன். ஆறு காண்டம், 10,345 பாட்டு, அதற்கு மேல் அப்பாவின் பெயர். முதல் வசனமே அவ்வளவையும் தாங்க வேண்டும் என்று நினைத்தேன்.

மகள்தான் தன் சிநேகிதி ஒருத்தியை ஒழுங்கு பண்ணினாள். பெரிய வேலைகளில் சிக்கி நிற்கிறவர்களோடு கொஞ்சக் காலம் கூட இருந்து நகர்த்திவிடுவதுதான் அவளுடைய தொழில். நாலு ஞாயிற்றுக்கிழமை, ஒவ்வொரு தரமும் முக்கால் மணித்தியாலம், அதற்கு ஒரு கட்டணம். அந்தப் பிள்ளை மொன்றியலில் பிறந்தவள். தமிழ் கதைப்பாள், வாசிக்கத் தெரியாது. கந்தபுராணக் குறிப்புக்கு முன்னால் தமிழ் வாசிக்கத் தெரியாத பிள்ளை வந்து உட்கார்ந்தபோது என் மனம் சுருங்கியது.

அவள் கொப்பிகளைத் தொடவில்லை. "அன்ரி, இதில எது முதல் அழியப் போகுது?" என்று கேட்டாள்.

நனைந்த இரண்டையும் காட்டினேன்.

"அப்ப அதில இருந்து தொடங்குங்கோ. முன்னுரை கடைசியா."

அவ்வளவுதான். நனைந்த கொப்பி யுத்த காண்டத்தின் நடுவிலிருந்து தொடங்கியது. நடுவிலிருந்து தொடங்கலாம் என்று ஆறு வருஷமாக எனக்குத் தோன்றவேயில்லை.

டொலார் டெ ஓர்மோவில் இருக்கும் திருமுருகன் கோவிலுக்குப் போன அன்று ஓர் அக்கா கேட்டா: "இதுக்கு ஏன் காசு குடுத்து ஆள் வைக்கிறாய்? முருகனைக் கும்பிட்டா அவர் செய்விப்பார் தானே?" அன்பாகத்தான் கேட்டா. அந்தக் கேள்வி வீடுவரை என்னோடு வந்தது. அருளை நம்புகிறவளுக்குக் கூலி கொடுத்து உதவி கேட்பது குறைவா? தன் கடமையைத் தானே தூக்க முடியாமற்போனது பக்தியில் ஓட்டையா?

எனக்கு விடை கிடைத்தது அந்தப் புராணம் அரங்கேறிய கதையில். காஞ்சிபுரம் குமரகோட்டத்து அர்ச்சகர் கச்சியப்ப சிவாசாரியார் ஒரு நாளைக்கு நூறு பாட்டாகப் பாடினார் என்பது மரபு. அந்த ஏடு இரவில் சந்நிதியில் இருக்கும், காலையில் முருகன் திருத்திய கையெழுத்தோடு கிடைக்கும். அப்படி இறைவனே பார்த்துக் கொடுத்த நூல் அரங்கேற்றத்தன்று முதல் அடியிலேயே மறிக்கப்பட்டது. திகழ் என்பதும் தசம் என்பதும் புணர்ந்து திகடசம் என்று வர எந்த இலக்கணத்தில் விதி இருக்கிறது என்று சபையில் ஒரு புலவர் கேட்டார். கச்சியப்பருக்கு விடை சொல்ல முடியவில்லை. பத்தாயிரம் பாட்டும் ஓர் எழுத்தின் முன்னால் நின்றுபோயின.

அடுத்த நாள் சோழநாட்டுப் புலவர் ஒருவர் வீரசோழியத்தோடு வந்தார். ழகரமும் தகரமும் சேர்ந்து டகரமாகும் விதியைக் காட்டினார், போய்விட்டார். வந்தவர் முருகனே என்பார்கள். சின்ன வயதில் இந்தக் கதையை அப்பா சொல்லும்போது முருகன் வந்தான் என்ற இடத்தில்தான் எனக்கு மெய் சிலிர்க்கும். இப்போது சிலிர்ப்பது வேறிடத்தில். வந்தது மயிலும் வேலுமாக அல்ல, ஒரு புத்தகத்தோடு. அதுவும் புத்தமித்திரர் என்ற பௌத்தர் செய்த இலக்கணத்தோடு. கந்தனின் புராணத்துக்கு வழிவிட்டது வேறு சமயத்தவர் ஒருவரின் உழைப்பு. தமிழ் வாசிக்கத் தெரியாத பிள்ளையை நினைத்து மனம் சுருங்கியதற்காக நான் வெட்கப்பட்டது இந்த இடத்தில்தான்.

வந்த புலவர் ஒரு பாட்டையும் பாடிக் கொடுக்கவில்லை. எஞ்சிய பாட்டுக்களை வாசிக்கவும் அவர் இருக்கவில்லை. பாட்டு கச்சியப்பருடையது, தடை மட்டும் அவருக்கு மேலாக இருந்தது.

என்னை ஆறு வருஷம் மறித்தது சோம்பல் என்று பலர் சொல்லியிருப்பார்கள். சைவ சித்தாந்தம் அப்படிச் சொல்லாது. உயிரின் அறிவை மறைப்பது ஆணவ மலம், அது உயிரோடு கூடவே இருக்கிற இருள். அப்பாவுக்குக் குறை வரக்கூடாது என்ற என் பக்திக்குள்ளே, குறையில்லாமல் செய்தவள் நான் என்ற ஆசையும் இருந்தது. இரண்டையும் என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. வெளியே இருந்து ஒருத்தி, "எது முதல் அழியப் போகுது?" என்று கேட்டபோது பேச்சு என்னைவிட்டுக் கொப்பிக்குத் திரும்பியது. இதை அருள் என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை, கட்டணம் வாங்கிக்கொண்டு வந்திருந்தாலும்.

நாலாம் ஞாயிறு முடிந்தபோது, "இன்னும் ஒரு மாசம் வாவேன் பிள்ளை" என்று கெஞ்சினேன். அவள் கையைப் பிடித்து, "இனி நான் வந்தா நீங்கள் எனக்காக எழுதுவியள், அன்ரி" என்றாள். கொஞ்சம் கோபம் வந்தது. இறைவனின் ஐந்தொழிலில் மறைத்தலும் ஒன்று, அதுவும் அருளே என்று நம் ஆசாரியர்கள் சொன்னதை எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். முன் கதிரை வெறுமையாக இருந்த ஐந்தாம் ஞாயிறுதான் அதை எனக்குச் சொல்லித் தந்தது. அன்று ஒன்றரைப் பக்கம் தட்டினேன்.

அந்த ஒன்றரைப் பக்கத்தில்தான் முதன்முதலாகக் கண்டேன். கொப்பியின் ஓரத்தில், நீலப் பென்சிலால், சின்னதாக ஒரு குறிப்பு: "இன்று இம்மட்டு." ஒவ்வொரு நாள் படிப்பும் எங்கே நின்றது என்று அப்பா அடையாளம் வைத்திருக்கிறார். 31 கொப்பியிலும் இருக்கிறது. ஆறு வருஷம் மேசையில் வைத்திருந்தும் நான் பார்க்கவில்லை. மழையில் ஆள் குறைந்த நாட்களில் நாலைந்து பாட்டோடு நிறுத்தியிருக்கிறார்.

இப்போது பதினாலாவது கொப்பி. முன்னுரை இன்னும் எழுதவில்லை. காலையில் சாமி விளக்கை ஏற்றிவிட்டு உட்காருகிறேன், நீலப் பென்சில் வரும்வரை தட்டுகிறேன், அந்த இடத்தில் கொப்பியை மூடுகிறேன்.